திறந்து பார்த்தவரின் அமானிதம்

விடுகதை போட்டவரே விடையையும் சொல்லிவிட்டால் அந்த விடுகதை அங்கேயே முடிந்துவிடும். கேட்டவருக்கு விடை கிடைத்துவிடும்; அதைத் தாமே கண்டடையும் மகிழ்ச்சி மட்டும் இனி ஒருபோதும் கிடைக்காது. தங்க நகை களவு போனால் மீட்க வழியுண்டு. பணத்தை இழந்தால் மறுபடியும் ஈட்டலாம். ஆனால் அறிந்துவிட்ட ஒன்றை அறியாதவராக ஒருவர் மீண்டும் ஆக முடியாது. புதிர் விளையாட்டை உருவாக்குகிறவரின் முழு உழைப்பும் இந்த ஒரு நூலிழையில்தான் தொங்குகிறது.

கணினியிலும் கைப்பேசியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுகளில் ஒரு வகை, சுடுவதும் ஓடுவதும் இல்லாமல் சிந்தனையை மட்டுமே கேட்பது. அவற்றை உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள், அல்லது மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவினர். 2024 மே மாதத்தில் வெளியான ‘அனிமல் வெல்’ என்னும் விளையாட்டைப் பில்லி பாஸோ என்பவர் ஏறத்தாழ ஏழாண்டுகள் தனியாக உழைத்து உருவாக்கினார். 2025 ஏப்ரலில் வெளியான ‘புளூ பிரின்ஸ்’ உருவாக டோண்டா ராஸுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. இத்தனை ஆண்டுகளின் விளைச்சலை ஒற்றை வாக்கியத்தில் ஒருவர் கெடுத்துவிட முடியும். ‘அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னது இருக்கிறது’ என்று சொன்னாலே போதும்.

அப்படியானால் வெளியீட்டு நாள் வரை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அது இயலாது. புதிரை அமைத்தவருக்கு அதன் விடை முன்பே தெரியும். ஆகவே அது கடினமா எளிதா, நியாயமானதா அநியாயமானதா என்று அவரால் தீர்மானிக்க முடியாது. தமக்கு வெட்ட வெளிச்சமாகத் தோன்றும் குறிப்பு பிறர் கண்ணுக்குப் படவே படாது. தாம் மிக நுட்பமாக மறைத்ததாக எண்ணியதை வேறொருவர் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார். எனவே வெளிக் கண்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள் மிகக் கூர்மையானவை சக உருவாக்குநர்களின் கண்கள். எங்கே இடறியது என்பதோடு ஏன் இடறியது என்பதையும் அவர்களால் சொல்ல முடியும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மிக நன்றாக உதவக்கூடியவரே மிக எளிதாகக் கெடுக்கவும் கூடியவர். அவருக்கும் அதே தொழில். அவரும் அடுத்த விளையாட்டுக்குக் கருத்தைத் தேடிக்கொண்டிருப்பவர். அவரைச் சுற்றியிருக்கும் நண்பர்களும் அத்துறையினரே.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வளவு பெரியது என்பதற்குச் ‘சுதந்திர விளையாட்டு விழா’ ஒரு சான்று. விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டை ஒட்டி 1999 முதல் அமெரிக்காவில் நடந்துவரும் இவ்விழாவுக்கு, இன்னும் விற்பனைக்கு வராத விளையாட்டுகளையும் அனுப்பலாம். அவற்றை விளையாடிப் பார்த்துத் தீர்ப்பளிப்பவர்களுள் பலர் தாமே விளையாட்டு உருவாக்குகிறவர்கள். ஜொனாதன் புளோவின் ‘பிரெய்ட்’ 2006-இல் அங்கே பரிசு பெற்றது. மக்கள் கைக்கு வந்தது 2008-இல். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ 2015-இல் தலைமைப் பரிசை வென்றது. முழு வடிவில் வெளியானது 2019-இல். ஆர்வி தெய்க்காரியின் ‘பாபா இஸ் யூ’ 2018-இல் பரிசு பெற்று மறு ஆண்டு வெளியானது. அந்த இடைக்காலம் முழுவதும் அவ்விளையாட்டுகளின் உட்பொருளில் ஒரு பகுதியையேனும் அறிந்தவர்கள் உலகில் இருந்தார்கள். அவர்கள் வாய்காத்தார்கள் என்பதாலேயே பின்னர் இலட்சக்கணக்கானோர் அவற்றைப் புதிதாகக் கண்டார்கள்.

‘அவுட்டர் வைல்ட்ஸை’ இங்கே எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. அதில் விளையாடுகிறவர் ஆயுதமோ வலிமையோ சேர்ப்பதில்லை. அவர் சேர்த்துக்கொள்வது அறிவு ஒன்றை மட்டுமே. முதல் நாளே செல்ல முடிந்த இடத்துக்கு இருபதாம் நாள்தான் செல்கிறார். எப்படிச் செல்வது என்பது அன்றுதான் அவருக்கு விளங்குகிறது. இத்தகைய விளையாட்டில் ஒரு தகவலைச் சொல்வது, நூலின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டுவதைக் காட்டிலும் கொடியது. அங்கே கதை அழிந்தாலும் நடை எஞ்சும். இங்கே எஞ்சுவதற்கு ஏதுமில்லை.

நம் சமுதாயத்தில் இதற்குப் பொருத்தமான சொல் வெகு காலமாக வழக்கில் இருக்கிறது: அமானிதம். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை, அவர் கேட்கும் வரை, அவர் விரும்பும் வண்ணம் காத்து வைப்பது. பணமும் நகையும் மட்டுமே அமானிதம் என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. சபையில் பேசப்பட்டதும் அமானிதமே என்பதை நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வெளியாகாத விளையாட்டைத் தோழர் ஒருவர் நம் கணினியில் திறந்து வைக்கும்போது, அவருடைய பல ஆண்டுகள் நம்மிடம் ஒப்படைக்கப்படுகின்றன. சட்டமும் தொழில்நுட்பமும் இதைக் காப்பதில் ஓரளவுக்கே உதவும். எஞ்சியதைக் காப்பது மனிதரின் நாணயம். இக்கட்டுரை வலியுறுத்துவது இதையே.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். பெரிய நிறுவனங்கள் அப்படியே செய்கின்றன. ஆனால் தனியாக உழைக்கும் ஒருவர், வேறொரு நாட்டில் வாழும் சக உருவாக்குநர் மீது வழக்குத் தொடுக்கப் பணத்துக்கு எங்கே போவார்? வென்றாலும் பரவிய விடை திரும்பி வருமா? பதிப்புரிமையோ வரைந்த படத்தையும் எழுதிய நிரலையும் காக்கும். விளையாட்டின் அடிப்படைக் கருத்தைக் காக்காது. 2014 பிப்ரவரியில் ‘த்ரீஸ்’ என்னும் எண் புதிர் வெளியானது. அதன் எளிய விதிகளைச் செதுக்கி எடுக்க அதை உருவாக்கியவர்களுக்கு ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. அடுத்த மாதமே அதே சாயலில் ‘2048’ வந்தது. வார இறுதியில் பொழுதுபோக்காக இளைஞர் ஒருவர் செய்து இலவசமாக வெளியிட்ட அது உலகெங்கும் பரவியது. அவர் ‘த்ரீஸ்’ குழுவினரின் ரகசியம் எதையும் திருடவில்லை. அப்போது விளையாட்டு வெளியாகிவிட்டிருந்தது. எனினும் நல்ல புதிரின் கரு எவ்வளவு இலேசானது, எவ்வளவு விரைவாகக் கைமாறக்கூடியது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. வெளியீட்டுக்குப் பின்னரே இந்த நிலை என்றால், வெளியீட்டுக்கு முன் கசிந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது தொழில்நுட்பப் பூட்டு. விடையை விளையாட்டின் கோப்புக்குள் அப்படியே எழுதி வைத்தால், கோப்பைக் குடைந்து பார்க்கத் தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார். ஆகவே விடையை வைக்காமல், கணித வழியில் அதிலிருந்து பெறப்பட்ட ‘ஹாஷ்’ என்னும் முத்திரையை மட்டும் வைப்பது வழக்கம். விளையாடுகிறவர் தரும் விடைக்கும் அதே கணக்கைப் போட்டு, இரண்டு முத்திரைகளும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். முத்திரையைக் கொண்டு விடைக்குத் திரும்பிச் செல்ல நேர்வழி கிடையாது.

இந்தக் கருத்து கணினிக்கு முற்பட்டது. ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக், வில்சுருள் எப்படி நீள்கிறது என்ற தம் கண்டுபிடிப்பை 1676-இல் ஒரு வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டார். கண்டறிந்தவர் தாமே என்பதற்குச் சான்றும் ஆயிற்று. கண்டறிந்தது இன்னதென்று எவருக்கும் தெரியவும் இல்லை. இரண்டாண்டு கழித்து 1678-இல் அவரே விளக்கினார்.

ஆனால் பூட்டுக்கும் எல்லையுண்டு. விடை நான்கு இலக்க எண் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகளே. கணினி அவை அனைத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முயன்று பார்த்துவிடும். அகராதியில் உள்ள ஒற்றைச் சொல் என்றாலும் கதை அதேதான். மறையெழுத்து தன் வடிவத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதை 9-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதின் அறிஞர் அல்-கிந்தி எழுதி வைத்துவிட்டார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே மறைகுறியை உடைக்கலாம் என்று அவர் காட்டினார். ‘ஃபெஸ்’ என்னும் விளையாட்டு 2012 ஏப்ரலில் வெளியான சில நாள்களிலேயே, அதன் மிகக் கடினமான புதிரை இணையத்தில் கூடிய ரசிகர்கள் பொத்தான் வரிசைகளை ஒவ்வொன்றாக முயன்றே திறந்தார்கள். அந்த விடைக்கு உரிய தர்க்கம் அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை. எனவே குருட்டு முயற்சியைத் தடுக்க வேண்டுமானால் புதிரின் அமைப்பிலேயே அது இடம்பெற வேண்டும். லூகஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். ஒவ்வொருவராக எழுதினால் சரியா தவறா என்று அது சொல்லாது. மூவரின் முடிவு சரியாக அமைந்த பிறகே உறுதிப்படுத்தும். ஊகித்து ஊகித்து நுழைய நினைப்பவருக்கு வழி அங்கே குறுகிவிடுகிறது.

இந்தப் பூட்டுகளெல்லாம் வெளியாரைத் தடுக்கும். நாமே கதவைத் திறந்து உள்ளே அழைத்த விருந்தினரை எந்தப் பூட்டும் தடுக்காது. சரிபார்க்க வந்தவர் விடையைக் கண்டடைவதே ஏற்பாட்டின் நோக்கம். ஆகையால் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும், அவரை எப்படி அழைக்கிறோம் என்பதும்தான் முடிவான காப்பு.

அழைப்பவரின் கடமைகளை முதலில் சொல்ல வேண்டும். நம்பிக்கை வைப்பது என்றால் கவனமின்றிக் கொட்டிவிடுவது என்று பொருளாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நாமனைவரும் அறிந்த பாடம். பத்துப் புதிர்களைச் சரிபார்க்க வேண்டுமானால் பத்தை மட்டும் கொண்ட தனிப் பிரதியைக் கொடுக்கலாம். இறுதி அறையை அதிலிருந்து அடியோடு நீக்கிவிடலாம். மறைத்தால் போதாது, நீக்க வேண்டும். கோப்பில் இருப்பது என்றேனும் ஒருநாள் வெளிவரும். சோதனைக்காக வைத்த குறுக்கு வழிகளை எடுத்துவிட வேண்டும். பிரதி குறிப்பிட்ட நாளுக்குப் பின் இயங்காதபடி செய்யலாம். ஒவ்வொருவருக்கும் அனுப்பும் பிரதியில் சிறு வேறுபாட்டைப் பதித்து வைத்தால், கசிவு எங்கே நேர்ந்தது என்பது தெரியும். அப்படிச் செய்வதாயின் அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுவதே நேர்மை. தெரியாமல் வேவு பார்ப்பது நட்புக்கு அழகன்று.

யாருக்கு எது தெரியும் என்ற பதிவேடு ஒன்றும் வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1981 முதல் ஆண்டுதோறும் நடக்கும் புதிர் வேட்டையில், வென்ற அணியே அடுத்த ஆண்டுக்கான புதிர்களை எழுத வேண்டும். அவர்கள் தமக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பதால், விடை தெரிந்தவர், தெரியாதவர் என்று ஒவ்வொரு புதிருக்கும் ஆட்களைப் பிரித்துக் குறித்து வைக்கிறார்கள். விடை அறியாத கண் செலவழிந்துபோகும் செல்வம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவரிடம் ஒரு முறைதான் அதை வாங்க முடியும். முதல் வாரத்திலேயே இருபது நண்பர்களுக்கும் எல்லாவற்றையும் காட்டிவிட்டவர், திருத்திய பிரதியைக் காட்ட ஆளின்றித் தவிப்பார்.

இனி, பார்க்க வந்தவரின் கடமைகள். பிரதியைத் திறக்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ‘நானும் இதே வகைக் கருத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறேன்.’ அப்படி இருந்தால் பார்க்காமல் விலகுவதே இருவருக்கும் நல்லது. பிறகு வரும் ஐயத்துக்கு அங்கேயே முற்றுப்புள்ளி விழும். பார்த்த பின்னர் திரைப்படம் பிடிப்பதும், நண்பர் குழுவில் பகிர்வதும் கூடாது என்பது வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாதவை சில உண்டு. ‘நான் சொல்லக் கூடாது, ஆனால் மூன்றாம் பகுதியில் அசந்துபோவீர்கள்’ என்பதும் கசிவே. மூன்றாம் பகுதியில் ஏதோ இருக்கிறது என்ற செய்தியை அது தந்துவிடுகிறது. தீர்க்க முடியாத புதிரைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஒட்டி விடை கேட்பதும் பிறர் பொருளை வெளியாரிடம் நீட்டுவதே. வீட்டில் பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கும்படி விளையாடுவதும் அப்படியே. பிள்ளை மறுநாள் பள்ளியில் பேசினால் அதன் மேல் குற்றமில்லை.

சரிபார்ப்பவரின் குறிப்புகளும் அமானிதத்தில் அடங்கும். ‘நான்காவது புதிரில் அரை மணி நேரம் திணறினேன், அடையாளம் கண்ணில் படவில்லை’ என்ற உண்மையை உருவாக்கியவரிடம் மட்டும் முழுமையாகச் சொல்ல வேண்டும். அங்கே முகத்துக்காகப் புகழ்ந்துவிட்டு, வெளியே போய் ‘அது தேறாது’ என்று பேசுகிறவர் இரட்டைத் தவறு செய்கிறார். உதவ வேண்டிய இடத்தில் உதவவில்லை. காக்க வேண்டிய இடத்தில் காக்கவும் இல்லை.

இந்தக் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் எடைபோட வேண்டும். வெளியான அன்றே காணொளிகளில் எல்லா விடைகளும் வந்துவிடுகின்றனவே, பிறகு எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்பது ஒன்று. காணொளியைத் தேடிப் போகிறவர் தாமே தேர்ந்து போகிறார். கசிவு தேடாதவரையும் வந்தடைகிறது. மேலும், வெளியான விளையாட்டை ரசிகர்கள் கூடித் தீர்ப்பது உருவாக்கியவர் அவர்களுக்கு அளித்த விருந்து. பரிமாறிய பின் உண்பதும், சமையற்கட்டில் நுழைந்து பானையைத் திறப்பதும் ஒன்றாகுமா? ‘பிரெய்ட்’ வெளியானபோது ஜொனாதன் புளோ தாமே ‘அதிகாரபூர்வ வழிகாட்டி’ என்ற பெயரில் ஒன்றை எழுதினார். விடைகளைத் தேடி அதைத் திறந்தவர்களிடம், வழிகாட்டியை நாடாமல் தாமே முயலுமாறு அதில் கேட்டுக்கொண்டார். அவரால் வேண்டிக்கொள்ளத்தான் முடிந்தது. வேண்டுகோளுக்குச் செவிசாய்க்கும் மனம் இருந்தால்தான் இக்கலை வாழும்.

கலை வளர வேண்டுமானால் அறிவைப் பகிர வேண்டாமா என்பது இரண்டாவது வாதம். இது கனமானது. அறிவை மறைப்பதை நாம் என்றுமே சிறப்பாகக் கருதியதில்லை. ஆனால் செய்முறையைப் பகிர்வதும் விடையைப் பகிர்வதும் வெவ்வேறு. லூகஸ் போப் தம் விளையாட்டின் இரு நிற ஓவிய முறையை எப்படி அமைத்தார் என்பதை, உருவாக்கும் காலத்திலேயே சக உருவாக்குநர்கள் படிக்கும்படி விரிவாக எழுதினார். அதனால் பிறர் கற்றார்கள். அவருடைய புதிர்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. தச்சர் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம்; அதற்காக வாடிக்கையாளரின் பெட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.

ரகசியம் என்ற பெயரில் குறைகளை மூடி மறைப்பார்கள் என்பது மூன்றாவது. இதில் உண்மையுண்டு. விற்ற பின் பொருளில் பழுது இருந்தால் அதைச் சொல்ல வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு. ரகசியக் காப்பு விடைகளுக்கு உரியது, ஏமாற்றுக்கு உரியதன்று. உதவியவருக்குப் பெயரளவில்கூட நன்றி சொல்லாமல் அவருடைய மௌனத்தை மட்டும் எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. நேரத்தைக் கொடுத்துச் சரிபார்த்தவரின் பெயர் நன்றிப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அமானிதம் இருபுறமும் செல்வது.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் பலர் இன்று நிரலெழுதுகிறார்கள், வரைகிறார்கள், விளையாட்டு உருவாக்கும் போட்டிகளில் சேர்கிறார்கள். ‘நண்பன் காட்டியது, வெளியே சொல்லக் கூடாது’ என்று மகள் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச மறுத்தால், ‘எங்களிடம்கூடவா?’ என்று வற்புறுத்தாதீர்கள். அச்சுறுத்தலாலோ தீங்கினாலோ வரும் மௌனம் வேறு. அதை விசாரித்து அறிவது நம் கடமை. தோழமைக்காகக் காக்கும் மௌனத்தை மதியுங்கள். இன்று ஒரு புதிரின் விடையைக் காத்துப் பழகிய நாக்கு, நாளை நோயாளியின் நிலையை, கட்சிக்காரரின் வழக்கை, அண்டை வீட்டாரின் துயரத்தைக் காக்கவும் தெரிந்திருக்கும்.

2016 ஜனவரியில் வெளியான ‘தி விட்னஸ்’ என்னும் விளையாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட புதிர்கள் உள்ளன. அவற்றுக்கு அப்பால் ஒரு செய்தியும் உண்டு. அதைக் கண்டவர்கள் இன்றும் காணாதவர்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள். எந்த ஒப்பந்தமும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. தாம் பெற்ற வியப்பைப் பிறரும் பெறட்டும் என்ற எண்ணமே அவர்களின் வாயை அடைக்கிறது. அது என்னவென்று இங்கேயும் எழுதப்போவதில்லை. விரும்புகிறவர்கள் சென்று கண்டுகொள்ளட்டும்.